படகுத்துறைப் பிணம், இரண்டாம் பாகம்

மங்கோலியர் வந்தார்கள், ஹங்கேரி சாம்பலானது. துருக்கியர் வந்தார்கள், நூற்றைம்பது வருஷம் பாயைச் சுருட்டவே இல்லை. அப்புறம் ஆஸ்திரியர், அப்புறம் ரஷ்யர். வந்தவனுக்கெல்லாம் வழிவிட்ட இந்த நாட்டில் எவனாலும் பிடிக்க முடியாத கோட்டை ஒன்று உண்டு. அது ஹெட்விக் அத்தையின் முகம். மங்கோலியப் படைத் தலைவனே குதிரையோடு அவர் வகுப்பறைக்குள் வந்திருந்தாலும், குதிரையை வெளியே கட்டிவிட்டு, கை நகங்களை நீட்டிக் காட்டி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்த பிறகுதான் அடுத்த ஊரைக் கொளுத்தப் போயிருப்பான். நடுவில் திக்கியிருந்தால் அதற்கும் விட்டிருக்க மாட்டார்.

அந்த வகுப்பறை இருப்பது கோவெஷ்வார் ஊருக்கு வெளியே உள்ள பழங்கிராமத்தில். நாட்டின் பல மூலைகளில் இடிய இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் காலத்து உடுப்பில் ஒரு ஆள். கொல்லர் இரும்பு அடிப்பார், ரொட்டிக்காரி ரொட்டி சுடுவாள், ஹெட்விக் அத்தை டிக்கெட் வாங்கி வந்தவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் எடுப்பார். வருஷம் எப்போதும் 1896. உடுப்பு உடம்பில் இருக்கும்வரை வேறு வருஷத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அங்கே இன்னொரு சட்டமும் உண்டு: உடுப்போடு கேட்டைத் தாண்டியவருக்கு அப்புறம் உள்ளே வீடும் இல்லை, வேஷமும் இல்லை. குதிரைவண்டிக்காரர் ஒருவர் சிகரெட் வாங்கத் தாண்டிப் போய், இப்போது கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறார்.

போரோக்காவுக்குப் பதினைந்து வயது, பச்சைச் சாயம் அடித்த முடி. மிஷ்கோல்ட்ஸ் நகரிலிருந்து அப்பாவோடு பத்து நாள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுக்குக் கடல் வேண்டும் என்றிருந்தது. நாட்டில் கடல் இல்லை. அப்பா சிலார்டுக்கோ கோவெஷ்வாரின் நான்கு பழைய புத்தகக் கடைகளே கடல்; காலையில் இறங்கினால் மதியம்தான் கரையேறுவார். கொதிகலன் சோதனைக்காரர், வருஷம் முழுக்கக் கரியும் நீராவியும் முகர்ந்தவர், விடுமுறையில் பூஞ்சை பிடித்த காகிதத்தை முகர்ந்தால்தான் நெஞ்சு சுத்தமாகிறது என்பார். மகள் அந்த நேரத்துக்குப் பழங்கிராமத்தில் சுற்றட்டும் என்று பத்து நாளைக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தார்.

முதல் நாளே மோதல்.

வகுப்பு தொடங்கும்போது வருகைப் பதிவு. எல்லாரும் குடும்பப் பெயரை முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லி உட்கார்ந்த போரோக்காவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"கெலெமென் போரோக்கா. வாயில என்ன?"

"சூயிங்கம்."

"அப்படி ஒரு தீனி எங்க ஊர்ல இல்ல. மாடு அசைபோடும், அது தெரியும். உன்ன யாரு ஓட்டிட்டு வந்தது? கயிறு எங்க?"

பெஞ்சுகள் சிரித்தன. போரோக்கா விடவில்லை. "வாத்தியாரம்மா, உங்க பையில ஃபோன் அடிக்குது."

"தொலைபேசியா? அது புடாபெஸ்ட்ல பிரபுக்கள் வீட்டுல இருக்கறதாக் கேள்வி. நீ எந்தப் பிரபு வீட்டுல பாத்திரம் தேய்க்கற? முடியெல்லாம் பாசி பிடிச்சிருக்கு, பாவம். கிணத்துல வேற இறக்கிட்டாங்க போல."

மூலையில் மக்காச்சோளம் பரப்பிய தட்டு இருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் தப்புச் செய்தால் அதன் மேல்தான் முழங்கால். இப்போது வருகிறவர்கள் ஆசைக்கு ஒரு நிமிஷம் முழங்கால் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். போரோக்கா போட்டபோது பதினாலு பேர் படம் எடுத்தார்கள். சோள மணி ஒவ்வொன்றும் முட்டியில் பல் பதித்தது. எழுந்து நொண்டிக்கொண்டே வெளியே வந்தவள் ஒரு சபதம் எடுத்தாள்: விடுமுறை முடிவதற்குள் இந்தக் கிழவியை 1896-லிருந்து வெளியே இழுத்துப் போடுவது.

மறுநாள் ரப்பர் எலி ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்தாள். ஹெட்விக் அத்தை அதை வாலைப் பிடித்துத் தூக்கினார். ஒரு முடி அசையவில்லை. "விறைச்சுப் போச்சு. பட்டினியில செத்திருக்கு. கொண்டுவந்தது யாரோ, அவங்க உறவாத்தான் இருக்கணும்." வகுப்பு மொத்தமும் முற்றத்துக்கு ஊர்வலம் போனது. போரோக்கா குழி தோண்டினாள், எல்லாரும் தொப்பி கழற்றிப் பாட்டுப் பாடினார்கள். ஒரு டச்சுக்காரர் நிஜமாகவே கண் கலங்கினார்.

மூன்றாம் நாள் மழை. அப்பாவோடு புத்தகக் கடைக்குப் போவதைத் தவிர வழியில்லை.

லோரின்ட்ஸ் மாமாவின் கடை இரண்டு படி கீழே இறங்கிப் போகும் நிலவறை. தரையிலிருந்து கூரைவரை புத்தகம், நடுவில் ஒரு பூனை, பூனைக்கும் விலை எழுதி ஒட்டியிருந்தது. அப்பா பின் அறையில் ஏணி ஏறிக் காணாமல் போனார். போரோக்கா தபால் அட்டைச் சுழலியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். அப்போது மழைக் கோட்டும் அரைக்கால் சட்டையும் தலையில் மிதிவண்டித் தொப்பியுமாக ஒரு அம்மா இறங்கி வந்து துப்பறியும் கதைகள் வரிசையில் விரலை ஓட்டினார். விரல் கடைசிவரை போய் நின்றது.

"இல்லையா?"

"இல்ல, ஹெட்விக்."

"சரி. அடுத்த வாரம் வரேன்."

படியேறிப் போனார். குரலில்தான் போரோக்காவுக்கு ஆள் பிடிபட்டது. வாத்தியாரம்மாவுக்கு முழங்கால் இருக்கிறது! அதுவும் கொசுக்கடியோடு!

"மாமா, அவங்க என்ன தேடறாங்க?"

லோரின்ட்ஸ் மாமா கதை சொல்லக் கூப்பிட்டால் கல்லாவை மூடிவிட்டு வருகிற ஆள். "படகுத்துறைப் பிணம். ரெண்டு பாகம். இங்கிலீஷ்காரன் பேர வெச்சுக்கிட்டு எவனோ புடாபெஸ்ட்காரன் எழுதினது, மட்டமான காகிதம், அருமையான கொலை. இவ நிஜமாவே ஊர்ப்பள்ளில வாத்தியாரம்மா தெரியுமா? பிள்ளைங்க மூணே பேர்னு ஆனதும் அரசாங்கம் பூட்டிடுச்சு. பூட்டின சாவியக் குடுத்துட்டு நேரா பழங்கிராமத்துல போய் வேலை கேட்டா. 'வருஷம் எதுவானாலும் பரவாயில்ல, கரும்பலகை இருந்தா போதும்'னாளாம்."

"கதைக்கு வாங்க மாமா."

"வரேன், வரேன். இவ புருஷன் பெர்தலான் ரயில்ல கார்டு. ரெண்டு பேரும் முதல் பாகத்த சேர்ந்து படிச்சாங்க, பிளம் பழம் கொட்டை எடுக்கறப்போ ஒருத்தர் படிக்க ஒருத்தர் கேக்க. ரெண்டாம் பாகம் பெர்தலானுக்கு மட்டும் வண்டில எங்கியோ கிடைச்சுது. தனியாப் படிச்சு முடிச்சுட்டு அங்கியே விட்டுட்டு வந்துட்டான், படுபாவி. கொலைகாரன் யாருன்னு சொல்லவே மாட்டேன்னுட்டான். இவ இதே இடத்துல நின்னு 'மருந்துக்கடைக்காரன்தான்'னு சத்தியம் பண்ணுவா. அவன் மீசை ஆட ஆடச் சிரிப்பான். அப்படியே ஆறு வருஷம் முன்னாடி போயும் சேர்ந்துட்டான். வாயத் திறக்கல."

போரோக்காவுக்குக் கதை பிடித்திருந்தது. அதைவிட, கதைக்குள் ஒரு கதவுப்பிடி இருப்பது பிடித்திருந்தது. பிடித்து இழுத்தால் வாத்தியாரம்மா வெளியே வந்துவிடுவார்.

சனிக்கிழமை வந்தது. பகல் பன்னிரண்டு மணி வகுப்பு. நகம் காட்டியாயிற்று, கைக்குட்டை காட்டியாயிற்று. ஹெட்விக் அத்தை கரும்பலகையில் நதிகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். போரோக்கா கை தூக்கி, பெரியவர்களுக்குச் சொல்லும் பழைய முறை வணக்கத்தோடு எழுந்தாள்.

"கைக்கு முத்தம், வாத்தியாரம்மா. டவுன்ல லோரின்ட்ஸ் மாமா ஒரு சேதி சொல்லிவிட்டார்."

"சொல்லு."

"படகுத்துறைப் பிணம் ரெண்டாம் பாகம் வந்திருக்காம். ஆனா ஒரு ஜெர்மன்காரன் அது மேல கை வெச்சுட்டானாம். கடை ஒரு மணிக்கு மூடிடுவாங்க, அதுவரைக்கும்தான் பிடிச்சு வெக்க முடியும்னார்."

சுண்ணக்கட்டி பாதி நதியில் நின்றது. கோட்டையில் விரிசல் விடுவதைப் போரோக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். முதலில் உதடு, அப்புறம் கன்னம். ஹெட்விக் அத்தை சுண்ணக்கட்டியை வைத்தார். சுவரில் தொங்கிய மன்னர் படத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"பிள்ளைங்களா, சத்தம் போடாம வாய்ப்பாடு படிங்க."

கறுப்புப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். கொல்லர் வீட்டைத் தாண்டி, ரொட்டி வீட்டைத் தாண்டி, கேட்டையும் தாண்டி ஓடினார்.

போரோக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தக் காட்சியைக் கடைசிவரை பார்க்காமல் எப்படி? பின்னாலேயே ஓடி, கேட்டுக்கு வெளியே நின்ற டவுன் பேருந்தின் பின்கதவில் ஏறினாள். முன்கதவில் ஹெட்விக் அத்தை பாவாடைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார். 1896-இல் பேருந்துக்குக் காசு ஏது?

"கைக்கு முத்தம், வாத்தியாரம்மா," என்றார் ஓட்டுநர். "ஏறுங்க, ஏறுங்க. மன்னர் கணக்குல எழுதிக்கறேன்."

வழி முழுக்க அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி, பக்கத்தில் தக்காளிக் கூடையோடு இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் குனிந்தார். "ஆறு வருஷமாத் தேடறேன். இன்னிக்கு அந்த ஆளோட சண்டை முடியப் போவுது." சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தார். பின் சீட்டில் போரோக்காவின் சிரிப்பு வடியத் தொடங்கியது.

நிலவறைக்குள் அவர் இறங்கிய பிறகு, போரோக்கா படியோரம் தபால் அட்டைச் சுழலியின் பின்னால் பதுங்கினாள்.

"வரலியே ஹெட்விக்," என்றார் லோரின்ட்ஸ் மாமா. "வந்தா உனக்கில்லாம யாருக்குக் குடுப்பேன்? யார் சொன்னது?"

"ஒரு சின்னப் பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

ஹெட்விக் அத்தை கழுத்துப்பட்டியை இழுத்துச் சரிசெய்தார். "விடு. குழந்தை எங்கியோ கேட்டத எங்கியோ சொல்லியிருக்கும். எனக்குத்தான் புத்தி இல்ல." பிறகு மெதுவாக, "நான் உடுப்போட வந்துட்டேன், லோரின்ட்ஸ்."

மேலே தெருவில் வந்து நின்றார். வெயிலில் கறுப்பு உடுப்பு, வெள்ளைக் கழுத்துப்பட்டி. ஐஸ்கிரீம் கையோடு போனவர்கள் இவரை ஏதோ விளம்பரம் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் தோளில் கை போட்டுக்கொண்டு எடுத்தார். ஹெட்விக் அத்தை எடுக்க விட்டார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர்போல நின்றார்.

அன்று மதியம் எண்ணெயில் பொரித்துப் பூண்டும் பாலேடும் தடவிய லாங்கோஷ் ரொட்டி சாப்பிடும்போது அப்பா சொன்னார். "கடையில பாவம் ஒரு அம்மா. எவளோ பொய் சொல்லி ஓடவெச்சிருக்கா. என் நட்சத்திரமே, ஏன் சாப்பிடல?"

"பூண்டு அதிகம்."

"உனக்கா?"

ஞாயிறு முழுக்கத் தலைவலி என்று படுத்திருந்தாள். திங்கள் பழங்கிராமத்துக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தின் முன்பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது உள்ளே வந்தது ஒட்டு மீசை வைத்த நாடகக் கல்லூரி இளைஞன். எல்லாருக்கும் சிரிப்புக் காட்டினான். சோளத் தட்டின் மேல் தானே முழங்கால் போட்டு "ஐயோ அம்மா" என்றான். யாருக்கும் நதிகளின் பெயர் தெரியவில்லை, அவனுக்கும்.

ரொட்டிக்காரியிடம் விசாரித்தாள்.

"ஹெட்விக்கா? சனிக்கிழமை மேலாளர் விருந்தாளிங்களக் கூட்டிட்டு வந்திருக்கார். வகுப்புல வாத்தியார் இல்ல. ஒருத்தன் வாத்தியார் நாற்காலில உக்காந்து மேசை மேல கால் நீட்டியிருக்கான். பலகை பூரா கண்றாவிப் படம். அவ டவுன்ல இருந்து உடுப்போட திரும்பி வரா. சட்டம் சட்டம்தான்னுட்டார். எதுக்குப் போனேன்னு கேட்டதுக்கு வாயே திறக்கலியாம். திறந்து ஒரு காரணம் சொல்லியிருந்தாலாவது..."

"இப்ப எங்க இருக்காங்க?"

ரொட்டிக்காரி மாவுக் கையால் கேட்டுப் பக்கம் காட்டினாள். "கழிப்பறைல."

கழிப்பறை வாசலில், நீல நைலான் மேலங்கியில், சில்லறைத் தட்டின் பின்னால் ஹெட்விக் அத்தை உட்கார்ந்திருந்தார். தட்டில் சில்லறையை அளவு வாரியாக அடுக்கியிருந்தார். காகிதச் சுருளை மூன்று தாளாக மடித்து வரிசையாக வைத்திருந்தார். கை கழுவாமல் வெளியேறிய ஒரு பையன் அவர் ஒரு பார்வை பார்த்ததும் திரும்பி உள்ளே போனான்.

"அட, பாசி முடி! வா மகளே."

போரோக்கா சில்லறைத் தட்டைப் பார்த்தாள். "கைக்கு முத்தம், அத்தை."

"முகம் ஏன் இப்படிக் கிடக்கு? சனிக்கிழமை சேதி தப்பாப் போச்சேன்னா? உன் மேல ஒண்ணும் இல்ல. லோரின்ட்ஸ் நாலு பேர்கிட்ட நாலு விஷயம் பேசுவான். நீ காதுல விழுந்தத நல்ல மனசோட வந்து சொன்னே. ஓடினது என் காலு." காகிதத்தை நீட்டினார். "உன்கிட்ட காசு வாங்க மாட்டேன். போ."

அவசரம் ஏதும் இல்லாமலே போரோக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். திட்டுக்கு அவளிடம் எப்போதும் கைவசம் சரக்கு உண்டு. நல்ல மனசு என்று சொன்னதற்கு என்ன சொல்வது?

வெளியே வந்து மேலாளரின் அறைவரை போனாள். 'தட்டிவிட்டு வரவும்' என்று கதவில் எழுதியிருந்தது. கை தூக்கினாள். உள்ளே யாரோ இருமினார். கையை இறக்கிக்கொண்டு, அந்தக் கையாலேயே மூக்கைச் சொறிந்து, வந்த வழியே போய்விட்டாள்.

அதைவிடச் சுலபமாக ஒரு வழி தோன்றியிருந்தது. புத்தகத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டால்? பொய் நிஜமாகிவிடும். கொஞ்சம் தாமதமாக வந்த நிஜம், அவ்வளவுதான்.

"அப்பா, பக்கத்து ஊர்லயும் பழைய புத்தகக் கடை இருக்குமா?"

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். பதினைந்து வருஷமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தவர் அவர். "உனக்கா? புத்தகமா? உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரர்களிடம் திரும்பி, "என் பொண்ணு புத்தகம் கேக்கறா," என்றார். அவர்கள் கோப்பையைத் தூக்கி வாழ்த்தினார்கள். போரோக்காவுக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. ஒரு பொய்யை மறைக்கப் போன இடத்தில் இன்னொருவரைச் சந்தோஷப்படுத்தித் தொலைத்திருந்தாள்.

இரண்டு நாள் சுற்றினார்கள். ரயிலடிக் கடை, தேவாலயத்துப் பின்புறக் கடை, மீன்பிடிச் சாமானும் புத்தகமும் சேர்த்து விற்கிற கடை. அப்பா ஒவ்வொரு கடையிலும் "என் பொண்ணுக்குத் துப்பறியும் கதைன்னா உயிர்" என்று அறிவித்தார். முதுகெலும்பை நெம்பாமல் புத்தகத்தை எப்படி வரிசையிலிருந்து எடுப்பது என்று காட்டினார். அவள் கற்றுக்கொண்டாள். வியாழக்கிழமை, ஒரு பாட்டரிக் கடையின் பின்கட்டில், சமையல் புத்தகங்களுக்கும் டிராக்டர் கையேட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. படகுத்துறைப் பிணம், இரண்டாம் பாகம்.

போரோக்கா கத்திய கத்தலில் கடைக்காரர் பாட்டரியைக் கீழே போட்டார்.

காரிலேயே படிக்க ஆரம்பித்தாள். அட்டையிலிருந்து அட்டைவரை அவள் படித்த புத்தகம் அதுவரை ஒன்றும் கிடையாது. விடுதி வந்தும் இறங்காமல் படித்தாள். மருந்துக்கடைக்காரன் மேல் சந்தேகம், படகோட்டி மேல் சந்தேகம், பாதிரியாரின் தங்கை மேலும் சந்தேகம். துப்பறிகிறவர் எல்லாரையும் படகில் ஏற்றி, "கொலை செய்தவர் இப்போது நம் நடுவே" என்று எழுந்து நிற்கிறார். பக்கத்தைத் திருப்பினாள். பின் அட்டை வந்தது.

கடைசித் தாள்கள் இல்லை. எவனோ எப்போதோ அடுப்புப் பற்றவைத்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் ஊருக்குப் புறப்பட வேண்டும். லாங்கோஷ் கடை வெளி மேசையில் எண்ணெய்க் கறை படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, போரோக்கா அந்தத் தாள்களைத் தானே எழுதினாள். இலக்கியத்தில் ஐந்துக்கு இரண்டு வாங்குகிறவள். பள்ளிக்கூடத்தில் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதினால் கை செத்துப்போகும். இப்போது நாலு பக்கம் போனது. யாரைக் கொலைகாரன் ஆக்குவது என்பதில் அவளுக்கு யோசனையே இருக்கவில்லை. மருந்துக்கடைக்காரன். ஆறு வருஷம் தேடிய அம்மா ஜெயிக்க வேண்டாமா? அவனை எப்படிப் பிடிப்பது என்பதற்குத்தான் பேனாவைக் கடித்தாள். பிறகு அதுவும் தானாக வந்தது. மை காய்ந்ததும் தாள்களை மடித்துப் புத்தகத்தின் கடைசியில் வைத்தாள்.

கழிப்பறை வாசலில் ஹெட்விக் அத்தை ரொட்டியில் கொழுப்புத் தடவி வெங்காயம் அடுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பார்த்தார். ரொட்டியைச் சில்லறைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"எங்க கிடைச்சுது?"

"தேடினோம் அத்தை. அப்பாவும் நானும். கடைசித் தாளு மட்டும் கிழிஞ்சிருந்துது. இணையத்துல ஒருத்தர் படம் அனுப்பினார், பார்த்து எழுதிட்டேன்."

ஹெட்விக் அத்தை மேலங்கியில் கை துடைத்தார். இரண்டு முறை துடைத்தார். அட்டையைத் தடவினார், முகர்ந்தார். "முதல்ல முடிவப் பாக்கறது பாவம். பிள்ளைங்களுக்கு எத்தன தடவ சொல்லியிருப்பேன்." அப்படியே கடைசியைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த நாலு பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார்.

வாசலில் வரிசை சேர்ந்தது. ஒருவர் காலை மாற்றி மாற்றி நின்றார். "அம்மா, காகிதம்..." ஹெட்விக் அத்தை தலை தூக்காமல் ஒரு சுருளை அப்படியே தூக்கிக் கொடுத்தார். போரோக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு வந்தது. மூன்றாம் பக்கத்தில் அது அங்கேயே நின்றது. நாலாம் பக்கம் முடிந்தது. திரும்பவும் மூன்றாம் பக்கத்துக்குப் போனார்.

"மருந்துக்கடைக்காரன்," என்றார்.

"ஆமா அத்தை. நீங்க சொன்னதுதான். நீங்கதான் ஜெயிச்சீங்க."

"பெர்தலான் சீட்டாட்டத்துல தோத்தா ரெண்டு நாள் சூப் குடிக்க மாட்டான். பூனையோட கூடப் பேச மாட்டான். இந்தப் புத்தகத்தப் படிச்சு முடிச்சவன் அவன். நான் 'மருந்துக்கடைக்காரன்'னு சொல்றப்பல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சான், மகளே. சாகற வாரம் கூட ஆஸ்பத்திரில சிரிச்சான். தோத்த மனுஷன் சிரிச்ச சிரிப்பு இல்ல அது." கண்ணாடியைக் கழற்றினார். "யாருன்னு எனக்குத் தெரியாது. மருந்துக்கடைக்காரன் இல்லேங்கறது மட்டும் அன்னிலேர்ந்தே தெரியும்."

போரோக்காவின் காது மடல் சூடானது. "படம் அனுப்பினவர் ஒருவேளை..."

"இரு." மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்து, வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "'விஷக்குப்பியின் மேல் ஒரு ஜெர்மன்காரன் கை வைத்துவிட்டான். ஒரு மணிக்குக் கடையை மூடிவிடுவார்கள், அதற்குள் ஓடுங்கள் என்று துப்பறிபவருக்குச் சேதி வந்தது.'"

வரிசையில் நின்றவர் இருமினார். ஹெட்விக் அத்தை தாளைத் தாழ்த்தி, அவளை முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கோட்டை மறுபடி எழும்பியிருந்தது. ஓட்டை ஒன்றும் இல்லை. கண் ஓரம் மட்டும் ஈரமாக இருந்தது.

"கெலெமென் போரோக்கா."

"வாத்தியாரம்மா."

"அந்த ஜெர்மன்காரன எனக்குத் தெரியும். போன சனிக்கிழமைதான் அறிமுகம்."

போரோக்கா கீழே பார்த்தாள். முட்டியில் சோளம் பதிந்த தழும்பு இன்னும் முழுசாக மறையவில்லை. "சோளம் எங்க வெச்சிருக்காங்க, வாத்தியாரம்மா?" என்றாள். 

"சோளமெல்லாம் 1896-ல. இது அந்த வருஷம் இல்ல." ஹெட்விக் அத்தை நாலு தாளையும் நேராக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "மேலாளர் அறை நாலு மணி வரைக்கும் திறந்திருக்கும். தட்டிட்டுப் போ."